திருப்பித் தட்டியவன்

கம்பெனி பஸ் அவளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசல் காவலாளி அவளுடைய பையைத் திறந்து துழாவினார். ஹெட்போனையும் சுருட்டி வைத்த ஒயர்களையும் வெளியே எடுத்துப் பார்த்து, "பாட்டு கேக்க வந்தீங்களா?" என்றார்.

"பாறை பாடுதாம். கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

அவளை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்டு, ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாள் என்பதற்காக வைத்தான். பிறகு அதுவே அவள் பிழைப்பாகிவிட்டது. பாறையில் உணர்கருவிகளைப் பொருத்தி, அது உள்ளுக்குள் எப்படி விரிசல் விடுகிறது என்று கேட்டுச் சொல்வது அவள் தொழில். பாறை திடுதிப்பென்று விழாது; விழுமுன் முணுமுணுக்கும். அதைக் கேட்டே எது நிற்கும், எது சரியும் என்று சொல்லிவிடுவாள். மனிதர்கள் விஷயத்தில் அவள் கணிப்பு அவ்வளவு சரியாக இருந்ததில்லை, அது வேறு கதை.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடம் பெரிய மாவு மில் மாதிரிதான் இருந்தது. தகரக் கொட்டகை, சிமெண்ட் மூட்டைகள், லிஃப்டுக்கான உயரமான இரும்புக் கூண்டு. அந்தக் கூண்டுக்குக் கீழே, வெகு ஆழத்தில், அணு உலைகள் தின்று போட்ட மிச்சத்தைப் பாறையைக் குடைந்து அறை அறையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் நஞ்சு அடங்கப் பல்லாயிரம் வருடம் ஆகும். அதுவரை யாரும் தொடக்கூடாது, கிட்டே போகக்கூடாது.

பார்வையாளர் அறையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனாலும் வயிறு பெரிதாகத் தெரிந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"வந்துட்டியா? போன்ல சொன்னா நம்ப மாட்டேன்னுதான் நேர்ல வரச் சொன்னேன்."

"என்ன அண்ணி ஆச்சு? அண்ணன் எங்க?"

"கீழ. நேத்து ஷிப்டுக்குப் போனவரு மேல வரல. கடைசி ரூம் வாசல்ல உக்காந்துட்டாரு. உள்ள ஆள் இருக்காங்க, விட்டுட்டு வர மாட்டேங்கறாராம்."

"உள்ள ஆளா? உள்ள வெறும் டிரம்முதானே இருக்கு?"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அவரு சட்டையில மாட்டியிருக்கற கதிர்வீச்சு மீட்டர் கத்திக்கிட்டே இருக்காம். இன்னும் அங்கயே இருந்தா ரத்தம் கெட்டுப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த மனுஷன் என்ன செஞ்சாரு தெரியுமா? மீட்டரைக் கழட்டித் துண்டுல சுத்தி வச்சிட்டாராம், சத்தம் தொந்தரவா இருக்குன்னு." அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. "நீ சொன்னா கேப்பாரு. என்ன பொய் வேணும்னாலும் சொல்லு. எப்படியாவது மேல கூட்டிட்டு வந்துடு. என் பிள்ளைக்கு அப்பா வேணும்."

"இதுக்கு ஏன் பொய்? காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன், பாருங்க," என்றாள். அண்ணி சிரிக்கவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம், கசங்கிய சட்டை. நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"இந்தக் கழிவை என்ன செய்யறதுன்னு ஆரம்பத்துல மூணு யோசனை இருந்துச்சு மேடம். மேலயே ஷெட் போட்டு வச்சு, காலம் பூரா காவல் காக்கறது ஒண்ணு. கீழ இறக்கி வச்சு, கதவு விட்டுட்டுப் போறது ஒண்ணு. பின்னால வர்றவங்களுக்கு நம்மள விடப் புத்தி இருந்தா எடுத்து ஏதாவது பண்ணிக்கட்டும்னு. கடைசியா, மொத்தமா அடைச்சு, மேல புல்லு வளர்த்து, மறந்தே போயிடறது."

"நீங்க மறக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"நான் யாரு முடிவு பண்ண? மேலிடம். ஆனா அதுவும் சரிதானே? கதவு வச்சா காவல் வேணும். எத்தனை காலத்துக்கு? ஒரு ஆட்சி அஞ்சு வருஷம் உருப்படியா நிக்கறதே பெரும்பாடா இருக்கு. மறதி நல்ல பூட்டு மேடம். சாவியே கிடையாது."

கடைசி அறையின் வாசலை அடைக்கத் தொடங்கியாயிற்று என்றார். அதற்கென்று ஒரு களிமண் உண்டு. கட்டி கட்டியாக அறுத்து அடுக்குவார்கள். ஈரத்தை உறிஞ்சி உப்பி, இடுக்கு இல்லாமல் தானாகவே இறுகிக்கொள்ளும். அதன்மேல் கான்கிரீட். பாதியில் நிறுத்தினால் களிமண் கோணலாக உப்பிப் பாறையையே பிளந்துவிடும். சாயங்காலத்துக்குள் அடைத்தாக வேண்டும். விட்டிருந்த அந்தக் கடைசி இடைவெளியில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"நாலு பேராச் சேர்ந்து தூக்கிட்டு வர வேண்டியதுதானே சார்?"

"யாரு தூக்குவா? அத்தனை பேரும் அவருகிட்ட வேலை கத்துக்கிட்டவங்க. போறாங்க. கிட்ட நின்னு எதையோ கேக்கறாங்க. மூஞ்சி வெளுத்துத் திரும்பி வந்துடறாங்க." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போகல. போகணும்னும் எனக்கு ஆசை இல்ல."

லிஃப்ட் இறங்க இறங்கக் காதடைத்தது. வெளிச்சம் சுருங்கித் தலைக்கு மேலே ஒரு தட்டளவு ஆனது, பிறகு அதுவும் போயிற்று. ஈரக் கல்லின் வாடையும் டீசல் வாடையும் ஏறி வந்தன.

அவள் அண்ணனைப் பற்றி நினைத்துக்கொண்டே இறங்கினாள். இங்கே மேஸ்திரியாக வருமுன் அவன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கூரை சரிந்து ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால், உள்ளே இருப்பவன் பாறையில் தட்டுவான். வெளியே அதை முதலில் கேட்பவன் அப்படியே திருப்பித் தட்ட வேண்டும். கேட்டாயிற்று, வருகிறோம் என்று பொருள். திருப்பித் தட்டியவன் அதன்பிறகு இடத்தை விட்டு நகரக்கூடாது. பசித்தாலும் சரி, தூக்கம் வந்தாலும் சரி. இன்னொருவன் வந்து அவன் முன்னாலேயே தட்டிப் பொறுப்பை வாங்கிக்கொண்டால்தான் எழுந்திருக்கலாம். ஏனென்றால் இருட்டில் கிடப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பதிலை நம்பித்தான். பதில் நின்றால் அவனும் நின்றுவிடுவான். அண்ணன் இதற்காகச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதுகூட உண்டு.

பழைய கூட்டாளிகளின் நினைப்பு வந்திருக்கும், அதுதான் ஆளைப் பேய் மாதிரி பிடித்துக்கொண்டது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அவள் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. தவிர, நல்ல காலை வேளை.

லிஃப்ட் நின்றது. கதவைத் திறந்த லிஃப்ட்காரர் வெளியே கால் வைக்காமலே நின்றார்.

"நேராப் போம்மா. மண் வாடை எங்க அதிகமா வருதோ அங்க."

"காலைலயே எல்லாரும் இப்படிப் பயந்தா எப்படி?"

"இங்க காலை ஏது, ராத்திரி ஏது? அதுங்களுக்கு நேரம் பாக்க ஜன்னலா வச்சிருக்கு?"

'அதுங்களுக்கு' என்று அவர் சொன்னதை அவள் கவனிக்கத்தான் செய்தாள்.

சுரங்கப் பாதை நீளமாக, சுத்தமாக, விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை. காற்றுக் குழாயின் இரைச்சல், அவள் பூட்ஸ் சத்தம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் அடைத்து முடித்த அறைகள். கான்கிரீட் முகங்கள் வரிசையாக. போகப் போகக் களிமண் வாடை கூடிக்கொண்டே வந்தது. கடைசித் திருப்பத்தில் காற்றுக் குழாய் முடிந்தது. அதற்கப்பால் சத்தமே இல்லை.

களிமண் கட்டிகளின் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. அதில் அண்ணன் குறுகி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு குட்டைக் கடப்பாரை. ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் சுற்றி வைத்த துண்டுக்குள்ளிருந்து மீட்டர் சன்னமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா."

அவன் உதட்டில் விரல் வைத்தான்.

இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, ஒரு தட்டு.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அண்ணன் கடப்பாரையை எடுத்துப் பக்கத்துப் பாறையில் தட்டினான். இரண்டு. நிறுத்தி, ஒன்று. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். சாப்பாட்டு வேளையில் வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலச் சாதாரணமான சிரிப்பு.

"நல்ல வேளை நீ வந்தே. நான் சொன்னா பைத்தியம்பாங்க. நீ கேட்டுச் சொல்லு."

"சூட்டுல டிரம் விரியும், அதோட சத்தம்ணா இது. நீ எந்திரி முதல்ல. அண்ணி மேல உக்காந்து அழுதுட்டு இருக்காங்க."

"காதை வச்சுக் கேட்டுட்டுச் சொல்லு."

சீக்கிரம் முடித்துவிட்டால் சீக்கிரம் கிளம்பலாம் என்று அவள் உணர்கருவிகளைப் பாறையில் அங்கங்கே பொருத்தினாள். லேப்டாப்பை மடியில் வைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறதோ அந்த இடத்தில் திரையில் ஒரு புள்ளி விழும். பாறை பொய் சொல்லாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அன்று பொய் சொன்னால் தேவலை என்றிருந்தது.

அறைக்குள்ளிருந்து வந்த தட்டல் நின்றது. வெகு நேரம் ஒன்றுமே இல்லை.

பிறகு வேறொரு சத்தம். மேலே, அறைக்கு வெகு உயரத்தில். எதையோ வைத்துப் பாறையைக் குடைகிற சத்தம். புள்ளி விழுந்த இடத்தில் சுரங்கம் கிடையாது, துளை கிடையாது, யாரும் கை வைக்காத வெறும் பாறை. அந்தப் புள்ளி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"இப்ப மேல யாராவது துளை போடறாங்களா?"

"யாரும் இல்ல. மெஷின் எல்லாம் நிறுத்தி வச்சாச்சு. நீ கேளு."

குடைச்சல் அறையின் கூரை வரை வந்தது. நின்றது. கல் பெயர்ந்து விழுந்தது. அதன்பிறகு, ஹெட்போனுக்குள், மிக அருகில், காலடிகள்.

ஒருவர் இல்லை. பலர்.

பேச்சுக் குரல். என்ன மொழி என்றே தெரியவில்லை. ஆனால் பேச்சின் ராகம் தெரிந்தது. ஒருவர் வியக்கிறார், ஒருவர் கூப்பிடுகிறார், ஒருவர் எதையோ கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரிக்கிறார். புதையல் கிடைத்தவர்களின் சிரிப்பு. பிறகு கூரை மொத்தமாகச் சரிகிற ஓசை. புழுதி அடங்குகிற ஓசை.

இருமல்.

ஒரு குழந்தையின் அழுகை. எந்த மொழியிலும் அது ஒன்றுதான்.

இரண்டு தட்டு. நிறுத்தி, ஒரு தட்டு.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அண்ணன் பொறுமையாகத் திருப்பித் தட்டினான்.

"கேட்டுச்சா? இப்ப வந்தவங்கள்ல சின்னது ஒண்ணு இருக்கு. போன தடவை வந்தவங்க எல்லாம் பெரியவங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு. தட்டற கையை வச்சே தெரியும். குடைஞ்சு வருவாங்க, விழுவாங்க, தட்டுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஓஞ்சு போயிடும். மறுபடி வேற யாரோ மேல இருந்து குடைய ஆரம்பிப்பாங்க."

"செத்துப்போனவங்களா?" என்று கேட்டாள்.

"செத்தவங்க எப்படி இருப்பாங்க? இந்த இடத்துல இதுவரைக்கும் ஒரு உசுரு போனதில்ல. உனக்குத் தெரியாதா?" அவன் குனிந்து, ரகசியம் போலச் சொன்னான். "இனிமே வரப்போறவங்க. இங்க இப்படி ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. நாமதான் அடைச்சு மறந்துட்டோமே. கீழ ஏதோ இருக்கு, யாரோ பத்திரமா ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தோண்டிட்டு வர்றாங்க. கதவு ஒண்ணு இருந்தா, கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தா, வராதேன்னு சொல்லலாம். அதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன்."

"உனக்குக் காய்ச்சல்ணா. உளர்றே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் இந்தத் தட்டைக் கவனிச்சேன். ரெண்டு, ஒண்ணு. இது எல்லாச் சுரங்கத்துலயும் இருக்கற தட்டு இல்ல. எங்க கூட்டம் மட்டும் எங்களுக்குள்ள வச்சுக்கிட்டது. கூட்டத்துல எல்லாரும் போயிட்டாங்க. இப்ப உலகத்துலயே இது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்." அவன் கண் கலங்கியிருந்தது. "அப்ப இவங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது? அப்பன் பிள்ளைக்கு, பிள்ளை பேரனுக்குன்னு கை மாறி வந்திருக்கணும். அந்த அப்பன் யாரு? நானே சொல்லணுமா?"

மேலே பார்வையாளர் அறையில் அண்ணியின் வயிறு நினைவுக்கு வந்தது.

"உள்ள இருக்கறது நம்ம வீட்டுப் பிள்ளைங்கடி."

துண்டுக்குள் மீட்டரின் கீச்சொலி இடைவெளி குறைந்து, ஒரே ஓசையாக நீண்டது. அண்ணனின் மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் இறங்கியது. அவன் அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினான்.

அப்போதுதான் அவள் முடிவு செய்தாள். பல்லாயிரம் வருடம் கழித்து வருகிறவர்கள் பல்லாயிரம் வருடம் கழித்து வரட்டும். இவன் இன்று சாகக் கூடாது.

"சரி. நம்பறேன்," என்றாள். "ஆனா நீ மயங்கி விழுந்தா யாரு பதில் தட்டறது? தள்ளு. நான் உக்காந்துக்கறேன். நீ மேல போய் அண்ணிக்கு மொகத்தைக் காட்டு, ரெண்டு வாய் சாப்பிடு, மேனேஜர்கிட்ட கதவு வைக்கச் சொல்லிப் பேசு. அப்புறம் வந்து என்னை மாத்து."

"நகர மாட்டியே?"

"நகர மாட்டேன்."

"தட்டு. என் முன்னால தட்டு."

அவள் கடப்பாரையை வாங்கினாள். பிடியில் அவன் கைச்சூடு இருந்தது. இரண்டு முறை தட்டினாள். நிறுத்தி, ஒரு முறை.

உடனே பதில் வந்தது. இந்த முறை மெல்லிய கை. தரைக்கு மிகச் சமீபத்திலிருந்து, தவழ்கிற குழந்தையின் உயரத்திலிருந்து.

அண்ணன் அவள் தலையில் கை வைத்து அழுத்திவிட்டு எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்தான். திருப்பம் வரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். இரண்டு தரமும் அவள் தட்டிக் காட்டினாள்.

லிஃப்ட் ஏறுகிற சத்தம் கேட்டது.

அவள் சுவரில் இருந்த போனை எடுத்தாள். "சார், அண்ணன் மேல வர்றாரு. நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மறுபடி கீழ விடாதீங்க. ஆளை அனுப்பி அடைச்சுடுங்க."

"பாறை எப்படி இருக்கு மேடம்?"

"அமைதியா இருக்கு," என்றாள்.

களிமண் கட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவள் கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

இரண்டு தட்டு. நிறுத்தி, ஒரு தட்டு.

எழுந்தாள்.

இரண்டு தட்டு. நிறுத்தி, ஒரு தட்டு. கொஞ்சம் வேகமாக.

ஒரு கட்டி வைத்தார்கள். அதன்மேல் இன்னொன்று. அவள் நடக்கத் தொடங்கினாள். பின்னால் தட்டல் தாறுமாறாக, பல கைகளாக, சுவர் முழுவதும் பரவியது. அவள் ஓடவில்லை. ஓடினால், தான் கேட்டது உண்மையாகிவிடும் என்று நடந்தே போனாள். லிஃப்டில் ஏறி, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கிடந்து, முடி கொட்டி, மெலிந்து, வீட்டுக்கு வந்தான். ஆண்டவன் புண்ணியம், இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருந்திருந்தால் கைவிட்டிருப்போம் என்றார் டாக்டர். அண்ணி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணன் மட்டும் அவளோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. அவள் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான். அந்த இடத்துக்கு மேலே புல் விதைத்துவிட்டார்கள், வேலியையும் எடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அண்ணி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எப்படியாவது இரண்டு பேரையும் பேச வைத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்து, மத்தியானப் புழுக்கத்தில் மூவரும் ஒரே அறையில் இருந்தார்கள். மின்விசிறி ஓடியது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தைக்காரி, இங்க வா," என்றாள் அண்ணி, கட்டிலில் சாய்ந்தபடி. "ஊரு பாறைக்கெல்லாம் காதைக் கொடுக்கறே. என் பிள்ளை என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்ல மாட்டியா? இப்பத்தான் உதைக்குது, சீக்கிரம் வா."

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. அவள் கட்டிலருகே மண்டியிட்டு, அண்ணியின் வயிற்றில் காதை வைத்தாள்.

முதலில் ரத்தம் ஓடுகிற இரைச்சல். பிறகு, குட்டி இதயத்தின் படபடப்பு. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது, செய்தது வீண் போகவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு தட்டு.

நிறுத்தி, ஒரு தட்டு.

அவள் அசையவில்லை. முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கண்ணைத் திறந்தபோது அண்ணன் ஜன்னலை விட்டு எழுந்து, அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளை நேருக்கு நேர் பார்த்தான். கேட்க அவனுக்குக் காது வேண்டியிருக்கவில்லை. அவள் முகமே போதுமாக இருந்தது.

அவன் வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டான். விரலை மடக்கி, பெண்டாட்டியின் வயிற்றில் மெல்லத் தட்டினான். இரண்டு. நிறுத்தி, ஒன்று.

உள்ளிருந்து அப்படியே பதில் வந்தது.

"பாத்தியா, அப்பா தட்டினா உடனே பதில் சொல்லுது!" அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இனிமே இவரை இங்கிருந்து எழுப்பவே முடியாது."

"நான் எந்திரிக்க மாட்டேன்," என்றான் அண்ணன். பிறகு அவள் பக்கம் குனிந்து, அண்ணிக்குக் கேட்காதபடி சொன்னான். "நீயும் இந்தத் தடவை எந்திரிச்சுப் போயிடாத."

அவள் காதை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. குழந்தையின் தட்டல் ஓய்ந்த பிறகும் அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு தட்டு கேட்டது. வேறு கை. அதற்கும் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், இன்னும் ஆழத்திலிருந்து, ஒருவருக்குப் பின் ஒருவராக, எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.